இருபது பாகை என்று எழுதினேன்

தண்ணீர் சும்மா இருப்பதில்லை. மேசையில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனால் அது அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். உள்ளே அது ஓயாமல் இடித்துக்கொண்டும் நழுவிக்கொண்டும்தான் இருக்கும். நான் வேலை செய்யும் எம்.ஆர்.ஐ. ஸ்கானரில் அந்த அலைச்சலை அளக்கிற ஒரு முறை இருக்கிறது. மூளைக்குள் கட்டி இறுக்கமாக வளர்ந்த இடத்தில் தண்ணீருக்கு அசைய இடமில்லை, அளவு குறையும். மருந்து வேலை செய்து கட்டி செத்துத் தளர்ந்தால் தண்ணீர் ஓடித் திரியத் தொடங்கும், அளவு கூடும். விஷயம் இவ்வளவுதான். இதைப் படிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

சும்மா இருக்கத் தெரியாத தண்ணீரை அளக்க, சும்மா இருக்கத் தெரியாத என்னை வைத்திருந்தார்கள். வீட்டில் எனக்குக் காலில் சக்கரம் என்பார்கள். ரீ ஆறும்வரை பொறுக்கமாட்டேன், நாக்கைச் சுட்டுக்கொள்வேன். லிஃப்ட் வர அரை நிமிடம் பிந்தினால் படியில் ஏறத் தொடங்கிவிடுவேன். நாலாம் மாடியில் மூச்சு வாங்க நிற்கும்போது லிஃப்ட் என்னைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்கும். அப்போதும் புத்தி வராது.

திங்கட்கிழமைகளில் என் முதல் அலுவல் ஒரு போத்தலை ஸ்கான் செய்வது. மனிதத் தலை அளவான பிளாஸ்டிக் போத்தல். நிறையத் தண்ணீர், நடுவில் மெல்லிய கண்ணாடி வெப்பமானி. வேலையிடத்தில் அதற்கு ஃபான்டம் என்று பெயர், நான் போத்தல் என்றே சொல்வேன். குறித்த வெப்பநிலையில் தண்ணீர் எவ்வளவு அலையும் என்பது உலகத்துக்கே தெரிந்த கணக்கு. ஸ்கானர் வேறு ஏதாவது சொன்னால் பிழை ஸ்கானரில்தான். மூளையைப் பற்றி மெசின் சொல்வதை நம்பலாமா என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீரைப் பற்றி அது சொல்வது சரியா என்று பார்க்கிறோம்.

ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால் கூட அலையும், குளிர்ந்தால் குறைய அலையும். ஆகவே போத்தலை முதல் நாளே ஸ்கானர் அறையில் வைத்து, அறையின் வெப்பத்துக்கு வரவிட்டு, வெப்பமானியை வாசித்து எழுதிய பிறகுதான் ஸ்கான் செய்யவேண்டும். இதை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியது நான்தான்.

மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற எங்கள் ஆய்வில் இரண்டு மருத்துவமனைகள் இருந்தன. ஒன்று டவுன்டவுனில், மற்றது ஸ்காபரோப் பக்கம். இரண்டு ஸ்கானரும் ஒரே மாதிரிப் பேசவேண்டும் என்பதற்காக ஒரே போத்தலை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோவோம். வெள்ளிக்கிழமை டவுன்டவுனில் அளந்து முடித்ததும், அன்று மாலையே ஸ்காபரோவில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டியது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலை ரொறன்ரோவில் கார் ஓட்டியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வாரமே நான் நேராக மோர்னிங்சைட்டில் உள்ள என் வீட்டுக்குப் போய்விட்டேன். போத்தல் காரின் பின்பெட்டிக்குள், கார் எங்கள் கட்டடத்தின் நிலத்தடிப் பார்க்கிங்கில். திங்கட்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றரை மணித்தியாலம் அறையில் வைத்துவிட்டு ஸ்கான் செய்தேன்.

செப்டெம்பரில் அது ஒரு பிழையாகவே தெரியவில்லை. வெளியிலும் இருபது பாகை, உள்ளேயும் இருபது பாகை. வெப்பமானியை வாசிக்க வேண்டுமானால் குனிந்து, டோர்ச் அடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டும். நாலு வாரம் பார்த்தேன், நாலு வாரமும் இருபது. கொம்பியூட்டரில் நிரப்பும் படிவத்தில் சென்ற வாரத்து எண் தானாகவே வந்து நிற்கும். என்ரர் தட்டினால் போதும். ஐந்தாம் வாரத்திலிருந்து தட்டினேன். குளிர் வந்தது, ஸ்நோ வந்தது, பார்க்கிங் சுவரெல்லாம் ஐஸ் மாதிரிச் சில்லிட்டது, நான் இருபது என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஒக்டோபரில்தான் நான் அண்ணை என்று கூப்பிட்ட நோயாளி ஸ்காபரோவுக்கு முதல் ஸ்கானுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாடசாலை பஸ் ஓட்டியவர். மூளையில் கட்டி என்றதும் லைசென்சைப் பறித்துவிட்டார்கள். கட்டியைவிட அதுதான் அவருக்குப் பெரிய கோபம். கூட வந்த அவருடைய மனைவி என் முகத்தைப் பார்த்த உடனேயே தொடங்கிவிட்டார்.

“தங்கச்சி தமிழோ?”

“ஓம் அக்கா.”

“எவடம்?”

ஐந்து நிமிடத்துக்குள் என் தாய்வழிப் பெரியம்மாவின் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் தன் சித்தப்பா பெண் எடுத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் இந்த விசாரணையிலிருந்து தப்பியவர் யாருமில்லை. அடுத்த முறை வரும்போது அஜின்கோர்ட் கடையில் வாங்கிய மீன் றோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஸ்கானர் பகுதிக்குள் சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்றேன். “உது சாப்பாடில்லை, றோல்ஸ்தானே” என்றார்.

அண்ணையை ஸ்கான் செய்வது லேசான வேலையில்லை. எங்கள் அளவீட்டுக்குத் தலை கொஞ்சமும் அசையக்கூடாது. அவரோ மேசையில் படுத்த இரண்டாவது நிமிடமே ஏதோ பஸ்ஸின் பிரேக்கை மிதிப்பதுபோல வலது காலை ஆட்டத் தொடங்குவார், காலோடு சேர்ந்து தலையும் ஆடும். நான் ஒலிவாங்கியில் கெஞ்சுவேன்.

“அண்ணை, தலையை அசைக்காதேங்கோ.”

“நான் எங்கை அசைச்சன்? உந்தச் சத்தம்தான் என்னை ஆட்டுது.”

ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தடவை திருப்பி எடுக்கவேண்டி வரும். எரிச்சல் வரும், அதேநேரம் அவரைப் பார்க்க என்னைப் பார்ப்பதுபோலவும் இருக்கும்.

நவம்பரில் ஸ்காபரோ ஸ்கானரில் ஒரு பாகம் பழுதாகி, கொம்பனிக்காரர் வந்து மாற்றிவிட்டுப் போனார்கள். திருத்திய பிறகு போத்தலை அளந்தேன். எண் நூலிழை பிசகாமல் வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. வரைபடத்தில் என் புள்ளிகள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல நின்றன. பௌதிகவியல் படித்த என் மேலாளர் ஒரு ஈரானியப் பெண். யாரையும் சும்மா புகழாதவர். அவரே அந்தக் கோட்டை ஒரு கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு முறை சொன்னேன்.

டிசெம்பரில் அண்ணையின் கட்டிக்குள் தண்ணீரின் அலைச்சல் கூடியிருந்தது. ஜனவரியில் எடுத்தபோதும் அப்படியே. பெரிய ஏற்றமில்லை, நூற்றுக்கு ஆறளவில். ஆனால் ஏற்றம். அந்த எண்களைக் கணித்து அனுப்புவதும் என் வேலை என்பதால் எல்லோருக்கும் முதல் எனக்குத் தெரியும். முடிவை நோயாளியிடம் சொல்வது மட்டும் என் வேலையில்லை. சொன்னால் வேலை போகும். இதில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வந்தேன்.

ஜனவரி ஸ்கான் முடிந்து அண்ணை உடுப்பு மாற்றப் போயிருந்தார். அக்கா கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் என்னை மறித்தார். கையில் கைத்தொலைபேசி.

“தங்கச்சி, ஒரு விசயம். இவற்ரை தம்பிக்கு விசா கிடைச்சிட்டுது. யாழ்ப்பாணத்திலை படிப்பிக்கிறவர். பதினாறு வருசமாய் ரெண்டு பேரும் காணேல்லை. பெப்ரவரிக்கு டிக்கட் போட்டுக் கிடக்கு. அவருக்கு ஒரே இழுப்பு, குளிர் எண்டா மூச்சு நிண்டுபோம். இவருக்குக் கொஞ்சம் சுகம் எண்டா ஜூனுக்கு மாத்தலாம். டொக்ரரிட்டைக் கேட்டா ஆய்வு, பொறுங்கோ எண்டுறார். நான் ஆரைக் கேக்கிறது?”

“அக்கா, நான் சொல்லக்கூடாது.”

“நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டும். கூடாதெண்டா சும்மா நில்லும்.”

சும்மா நின்றிருக்கலாம். இரண்டு விநாடி நிற்கவும் முயன்றேன். அக்கா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நின்றால் கூடாது என்று அர்த்தமாகிவிடுமே என்று எனக்குப் பட்டது. திரையில் நான் கண்டது நல்ல எண் அல்லவா? தலையாட்டினேன். பக்கவாட்டில், மெல்ல, எங்கள் ஆட்கள் ஓம் என்பதற்கு ஆட்டுகிற மாதிரி. வேறு எவராவது பார்த்திருந்தால் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்திருப்பார்கள். அக்காவுக்கு அது போதும். என் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். அன்று மாலையே டிக்கட்டை ஜூனுக்கு மாற்றிவிட்டதாகவும் கோயிலில் அர்ச்சனை செய்ததாகவும் எனக்குச் செய்தி அனுப்பினார். என் இலக்கம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது.

பெப்ரவரி முதல் வாரம். அந்த வெள்ளிக்கிழமை என் கார் கராஜில் கிடந்தது. போத்தலை ஒரு பைக்குள் போட்டு, சுரங்க ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். பஸ் மாறும்போது ஸ்நோ கொட்டத் தொடங்கியது. இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடக்க எனக்கென்ன விசரா? வழியிலிருந்த ஸ்காபரோ மருத்துவமனையில் இறங்கி, போத்தலை ஸ்கானர் அறையில் வைத்துவிட்டுப் போனேன். முதல் வாரத்துக்குப் பிறகு விதிப்படி நான் நடந்தது அன்றைக்குத்தான், அதுவும் சோம்பலில்.

திங்கட்கிழமை என் கோடு உடைந்தது. எண் நூற்றுக்கு ஆறு மேலே நின்றது.

வார இறுதியில் மெசினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பி ஸ்கான் செய்தேன், அதே எண். போத்தலில் ஏதாவது மாறிவிட்டதோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு டோர்ச் அடித்து வெப்பமானியை வாசித்தேன். இருபது. நான் எழுதியது சரி. பிறகு ஏன்? அறைக்குள் நாலு தரம் நடந்தேன். ஐந்தாவது தரம் நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதியது இன்றைக்கு மட்டும்தான் சரி.

மற்ற வாரங்களில் போத்தல் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் குறைய அலையும். மெசின் கூட்டிக் காட்டியது. குறைந்ததும் கூட்டியதும் ஒன்றையொன்று விழுங்கி, எனக்கு அழகான கோடு வந்தது. என் பிழை மெசினின் பிழையை மூடிக் காப்பாற்றியிருந்தது. அப்படியானால் நவம்பரில் பாகம் மாற்றிய நாளிலிருந்து இந்த மெசின் எல்லோருக்கும் கூட்டித்தான் காட்டியிருக்கிறது. எல்லோருக்கும் என்று நினைத்தபோது என் முன்னால் வந்து நின்றது கோப்பி மெசினும் அக்காவின் கையும்தான்.

நிச்சயப்படுத்த ஒரு வழி இருந்தது. ஐஸ். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் எந்த அறையிலும், எந்தக் குளிரிலும், எவருடைய சோம்பலிலும் பூச்சியப் பாகைதான். அடுத்த நாள் ஸ்நோவினால் மதியம் இரண்டு நோயாளிகள் வரவில்லை. மருத்துவமனைச் சமையலறைக்குப் போய் ஒரு வாளி நொறுக்கிய ஐஸ் கேட்டேன். எதற்கென்று கேட்டார்கள். காலில் சுளுக்கு என்றேன். எவ்வளவு பெரிய கால் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெட்டியில் ஐஸை நிரப்பி, தண்ணீர் விட்டு, நடுவில் தண்ணீர் அடைத்த சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றைப் புதைத்து மூடினேன். குழாய்க்குள் இருக்கும் தண்ணீரும் பூச்சியத்துக்கு வர ஒரு மணித்தியாலம் பொறுக்கவேண்டும்.

என் வாழ்க்கையில் நான் முழுதாகப் பொறுத்த முதலாவது மணித்தியாலம் அது. பதினைந்தாவது நிமிடத்தில் ஸ்கான் செய்யக் கை துடித்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். சுவரில் நான் ஒட்டிய விதிமுறையை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். மெசின் சரியாக இருக்கவேண்டும், பிழை முழுக்க என்னுடையதாக மட்டும் இருக்கவேண்டும் என்று மனம் கெஞ்சிக்கொண்டிருந்தது. வேலை போனாலும் பரவாயில்லை, அண்ணையின் நூற்றுக்கு ஆறு மட்டும் உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஐஸ் தண்ணீரிலும் ஆறு கூடித்தான் வந்தது.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அண்ணையின் படங்களைத் திறந்தேன். மூன்று முறையும் நாங்கள் அளந்தது கட்டியை மட்டும்தான். கட்டி அவருக்கு இடது பக்கம். வலது பக்கம் ஒரு குறையுமில்லாத மூளை. அங்கே மருந்துக்கு வேலையில்லை, அளவு மாறக் காரணமில்லை. நல்ல பக்கத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்தேன். ஒக்டோபரில் ஓர் எண், டிசெம்பரில் அதைவிட ஆறு கூட, ஜனவரியிலும் ஆறு கூட. கட்டி கூடிய அளவுக்கே நல்ல பக்கமும் கூடியிருந்தது. மெசினின் பங்கைக் கழித்தால் கட்டியில் ஒரு மாற்றமும் இல்லை. மருந்து எதையும் செய்திருக்கவில்லை.

கதிரையில் இருந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் கவலைப்பட்டிருக்கமாட்டேன்.

மேலாளரிடம் அன்றே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பார்க்கிங்கையும், என்ரரையும், ஐஸ் வாளியையும். அவர் என்னைத் திட்டவில்லை. வரைபடத்தைத் திறந்து என் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது இவ்வளவு நேராக இருந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்,” என்றார் ஆங்கிலத்தில். “உண்மையான அளவீடு கொஞ்சம் ஆடும். ஆடாத கோட்டைக் கண்டு நான் பெருமைப்பட்டேன்.”

“பிழை என்னுடையது.”

“வெப்பநிலை உன்னுடையது. கோட்டின் அழகை மட்டும் பார்த்தது என்னுடையது. மெசினைத் திருத்தியவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீ ஒளிக்காமல் வந்தாய். இல்லாவிட்டால் ஜூன் மாதம் வெயில் வந்து சொல்லும்வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.”

ஜூன் என்ற சொல் எனக்குள் எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரியாது. நவம்பருக்குப் பிறகு எடுத்த எல்லா ஸ்கான்களையும் திருப்பிக் கணித்து, இன்னொருவர் சரிபார்த்து, அதன்பிறகுதான் டொக்டர்களுக்கு அறிவிக்கவேண்டும் என்றார். எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டேன். ஒரு மாதம், சிலவேளை கூட. பொறுமையாக இரு, என்றார். என் பெயரில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் கோப்பில் ஏறியது. தலையாட்டியதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

பொறுமை நான் அப்போதுதான் கற்றிருந்தேன், ஒரு மணித்தியாலத்துக்கு. ஒரு மாதத்துக்குப் பொறுக்க முடியவில்லை. பொறுக்கவும் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சனிக்கிழமை காலை அஜின்கோர்ட்டுக்கு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அக்காவின் முகம் மலர்ந்தது.

“வாரும், வாரும். இவர் குளிக்கிறார். இரும், ரீ போடுறன்.”

“ரீ வேண்டாம் அக்கா. நீங்கள் முதல் இருங்கோ.”

அவர் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்டைக்கு நான் தலையாட்டினது பிழை.”

“என்ன பிழை?”

“மெசின் கூட்டிக் காட்டினது. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என்ரை வேலை. நான் ஒழுங்காச் செய்யேல்லை. கண்டதை நம்பித் தலையாட்டிப்போட்டன்.”

“அப்ப இவருக்குச் சுகம் வரேல்லையோ?”

“அது டொக்ரர்தான் சொல்லோணும் அக்கா. அண்டைக்குச் சொல்லக்கூடாததைச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். என்ரை தலையாட்டலை நம்பி ஜூன் மட்டும் இருக்காதேங்கோ. அவரை இப்ப வரச் சொல்லுங்கோ.”

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். குரலை அடக்கித்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் அடித்தது.

“நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன் தங்கச்சி. இவருக்கும் சொன்னனான். நாலு மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் மனுசன் சிரிச்சுக்கொண்டு சாப்பிட்டது. இப்ப நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? நீர் சும்மா நிண்டிருக்கலாமே.”

“ஓம் அக்கா.”

“நான்தானே ஆட்டச் சொன்னனான்,” என்றார் அக்கா. அதை எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியாது. பிறகு கைத்தொலைபேசியை எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அடித்தார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். “தம்பி, ஜூன் வேண்டாம். குளிரெண்டாலும் பரவாயில்லை. உடனை வெளிக்கிடு. இல்லை, ஒண்டுமில்லை. அண்ணை பாக்க ஆசைப்படுறார்.” அவ்வளவுதான் பேசினார். எதிர்முனையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை என்றே பதில் சொன்னார்.

நான் எழுந்தேன். அவர் மறிக்கவில்லை. தமிழர் வீடொன்றிலிருந்து ரீ குடிக்காமல் என்னை வெளியே போகவிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கணக்குத் திருத்தி முடியும்வரை ஐந்து கிழமை சென்றது. டொக்டர் அவர்களைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினார். அந்த ஐந்து கிழமைக்குள் தம்பியார் வந்து இறங்கிவிட்டார். அண்ணை மே மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். ஜூனுக்கு மாற்றியிருந்த டிக்கட்டின் நாள் வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்திருக்கவில்லை. அன்று முழுக்க நான் வேலையில் ஓரிடத்தில் நிற்கவில்லை, எதைத் தொட்டேன் எதை விட்டேன் என்றும் நினைவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மார்ச் தொடக்கத்தில் எடுத்த ஸ்கானைப் பற்றி. மெசினைத் திருத்தி, ஐஸ் வைத்துச் சரிபார்த்து முடித்திருந்தோம். போத்தலை முதல் நாளே கொண்டுபோய் அறையில் வைத்திருந்தேன். டோர்ச் அடித்து வாசித்தேன். இருபது தசம் மூன்று. அப்படியே எழுதினேன். எண் கொஞ்சம் ஆடியது, ஆடவேண்டிய அளவுக்குள்.

பத்து மணிக்கு மூவரும் வந்தார்கள். தம்பியார் ஒல்லியான மனிதர், அண்ணையின் பழைய பஸ் ஓட்டும் ஜக்கெற்றுக்குள் பாதிதான் தெரிந்தார். மூச்சு கொஞ்சம் இழுத்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். றோல்ஸ் இல்லை. அண்ணையை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பியபோது தம்பியார் என் முன்னால் நின்றார்.

“தங்கச்சி, நீங்கள்தானாம் படம் எடுக்கிறது. எப்பிடிக் கிடக்கு?”

என் கழுத்து அசையப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது தானாகவே கிளம்பியது. கையை எடுத்துப் பிடரியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியாது அண்ணை. டொக்ரர்தான் சொல்லுவார். நீங்கள் வந்தது நல்லது.”

அவர் அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டு, மெல்லத் தலையாட்டினார். நான் கட்டுப்பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் அண்ணையின் கால் ஏற்கனவே பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியை அழுத்தினேன்.

“அண்ணை, தொடங்கப் போறன். தலையை அசைக்காதேங்கோ.”

“தங்கச்சி.”

“சொல்லுங்கோ.”

“தம்பி வெளியிலைதான் நிக்கிறானோ?”

கதவுக் கண்ணாடிக்கூடாகப் பார்த்தேன். கதிரை இருந்தும் உட்காராமல், ஜக்கெற்றின் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நின்றார்.

“ஓம் அண்ணை. நிக்கிறார்.”

“அப்ப அசையமாட்டன்,” என்றார்.

கால் நின்றது. பதினொரு நிமிடம், அந்தச் சத்தம் முழுவதற்கும், அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை.